ஒவ்வொரு வாயாக

ஐயாவு கைநிறைய அரிசியை அள்ளித் தம்பியின் வாயருகே கொண்டுபோனபோது முத்தம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

கூடத்தில் பேச்சு நின்றது. கணவனின் அண்ணன் முன்னால் நாற்காலியில்கூட உட்காராதவள் அவள். இப்போது அவர் கையை இறுகப் பிடித்திருந்தாள். விரலிடுக்கிலிருந்து அரிசி பெட்டிக்குள் விரித்திருந்த வெள்ளைத் துணியில் உதிர்ந்தது.

"அவ்வளவு வேணாம் மாமா."

"என்னம்மா இது? வாய்க்கரிசிம்மா."

"தெரியும். அவ்வளவு வேணாம். பொரை ஏறும்."

பின்னால் யாரோ விசும்பினார்கள். "பாவம், புத்தி கலங்கிப்போச்சு" என்று ஒரு குரல் மெதுவாகச் சொன்னது. அது வாசல்வரை கேட்டது.

தினேஸ்வரி அப்பாவின் தலைமாட்டில் நின்றிருந்தாள். அம்மாவுக்குப் புத்தி கலங்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. அது அவள் தினமும் பார்த்த பிடி, அவ்வளவுதான். மூன்று வருஷமாக இந்த வீட்டில் அப்பாவின் வாய்க்குப் போன எதையும் அம்மா இப்படித்தான் பாதி வழியில் நிறுத்தி, பார்த்து, பிறகு அனுப்பியிருக்கிறாள்.

கொரோனா பெரிதாக அடித்த வருஷம் அது. கமுந்திங் ஊருக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா அர்ச்சுனன் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார். ஐசியூவில் வாரக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தார். திரும்பி வந்தபோது அவருடைய சட்டைக்குள் இன்னொருவரும் நுழையலாம் போலிருந்தது. கழுத்தில் குழாய் போட்ட இடம் குழியாக இருந்தது. நிற்க முடியவில்லை, பேசினால் காற்றுதான் வந்தது. எல்லாவற்றையும்விட, முழுங்கத் தெரியவில்லை. தொண்டை மறந்துபோயிருந்தது. ஒரு வாய் தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்கி மறுபடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும் என்று பயிற்சி கொடுக்க வந்த மலாய்க்காரப் பெண் சொன்னாள். "பெலான் பெலான், பக்சிக்" என்பாள். அவசரமில்லை, மெல்ல அங்கிள்.

அன்றிலிருந்து தண்ணீர், கோப்பி, ரசம் எல்லாவற்றிலும் ஒரு வெள்ளை மாவைக் கலந்து கூழாக்கித்தான் கொடுக்க வேண்டும். தலையைக் குனிய வேண்டும். முழுங்கிய பிறகு ஒருமுறை செரும வேண்டும். முத்தம்மா இரண்டு விரலை அவர் தொண்டையில் வைத்திருப்பாள். அந்த மேடு ஏறி இறங்குவதைத் தொட்டுப் பார்த்த பிறகே அடுத்த கரண்டி. ஒரு கிண்ணம் கஞ்சி முடிய ஒரு மணி நேரம் ஆகும். அவளுடைய சோறு அடுப்பங்கரையில் ஆறிக் கிடக்கும்.

கால்கள் முதலில் திரும்பி வந்தன. கட்டிலிலிருந்து குளியலறை, பிறகு கேட். இரண்டாம் வருஷம் தெருமுனையில் இருக்கும் ரசாக்கின் சாப்பாட்டுக் கடைவரை போய்விட்டார். குரல் கரகரப்பாக வந்தது. தொண்டை மட்டும் வரவில்லை. ரசாக் ஒருநாள், "என்னதான் குடிக்கிற மச்சான், எனக்கும் ஒரு கிளாஸ் போடு" என்று மாவு கலந்த கோப்பியை வாங்கி முழுசாகக் குடித்தார். குடித்துவிட்டுக் கிளாஸைக் கவிழ்த்துப் பார்த்தார். "இத வச்சுச் சுவத்துல போஸ்டர் ஒட்டலாம் லா" என்றார். அன்று அப்பா சிரித்ததில் அம்மா பயந்து கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

இப்போது, வருகிற வாரம் ஆஸ்பத்திரியில் முழுங்கும் சோதனை வைத்திருந்தார்கள். தேறினால் மாவில்லாத கோப்பி குடிக்கலாம். முந்தாநாள் விடியற்காலை அர்ச்சுனன் எழுந்திருக்கவில்லை.

"ரப்பர் தோட்டத்துல எங்க அப்பாவுக்கு எப்படிப் போட்டோம், உனக்குத் தெரியாது" என்றார் ஐயாவு. பீடோரிலிருந்து வந்த களைப்பு அவர் முகத்தில் இருந்தது. கையை இன்னும் இழுத்துக்கொள்ளவில்லை. "வாய் நெறைய போட்டு அனுப்பணும். என் தம்பியப் பசியோட அனுப்பச் சொல்றியா?"

முத்தம்மா பிடியை விடவில்லை.

சவ அடக்கம் நடத்தும் கம்பெனியிலிருந்து வந்திருந்த யுகேந்திரன் கருப்புச் சட்டையில் வேர்த்துப்போய் நின்றான். அர்ச்சுனனின் தாடையைக் கட்டியிருந்த துணியை அவன்தான் சற்றுமுன் அவிழ்த்தான். "பெரியவரே, மூணு மணிக்கு மின்சுடலையில எரிக்கணும். லேட்டானா அடுத்த குடும்பம் வந்துரும்."

ஐயாவு தினேஸ்வரியைப் பார்த்தார். "நீயாவது சொல்லும்மா."

தினேஸ்வரி அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். "வாம்மா, உள்ள போலாம். ஒரு நிமிஷம்."

அடுப்பங்கரையில் மாவு டின் இன்னும் மேடைமேல்தான் இருந்தது. முத்தம்மா அதன் பக்கம் திரும்பாமல் நின்றாள்.

"பெரியப்பா மனசு நோகுதும்மா. சும்மா ஒரு சாங்கியம்தான. அப்பாவுக்கு இனிமே பொரை ஏறாது."

"தெரியும்டி. நான் என்ன பைத்தியமா?"

"அப்புறம் ஏன்?"

முத்தம்மா குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழும் சத்தத்துக்குள் பேசினாள்.

"அன்னிக்கு ராத்திரி கோப்பியில மாவக் கொறைச்சுட்டேன்."

தினேஸ்வரி குழாயை மூடவில்லை.

"அரைக் கரண்டி கொறைச்சேன். ருசியே தெரியல முத்தம்மா, நாக்குக்குத் தெரியிற மாதிரி ஒரு தடவ குடுன்னாரு. பயிற்சிக்கு வர்ற அந்தப் பொண்ணுதான் இனிமே கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கலாம்னு சொல்லிச்சே, அடுத்த வாரம் டெஸ்ட்டு, சரின்னு குடுத்தேன். ரொம்ப நல்லா இருக்குன்னாரு." அவள் நிறுத்தினாள். "ஒரு தடவ இருமுனாரு. ஒரே ஒரு தடவ."

அந்த இருமலைத் தினேஸ்வரியும் கேட்டிருந்தாள். கூடத்தில் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். தலையைத் தூக்கினாள். அடுத்தது வருகிறதா என்று காத்திருந்தாள், வரவில்லை, மறுபடி படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் பெட்டி வந்தபோதும் அந்த ஒரு சத்தம் அவளுக்குள் இருந்தது. அம்மாவிடம் கேட்கத்தான் அவள் பயந்தாள்.

"ஜந்தோங்னுதான டாக்டர் சொன்னாரு. இருதயம்மா. தூக்கத்திலேயே நின்னுருச்சு."

"அது கடைசியா நின்னது. எதனால நின்னுச்சு?"

"தொண்டையையும் பாத்தாங்க."

முத்தம்மா திரும்பினாள்.

"நெஞ்சுலயும் ஒண்ணும் எறங்கலன்னு சொன்னாரு. சுத்தமா இருக்குன்னாரு. நான் கேட்டேன்மா."

அன்று டாக்டர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றபடியே இரண்டு வாக்கியம்தான் பேசியிருந்தார். அவரிடம் தினேஸ்வரி கேட்டது உடலை எப்போது தருவார்கள் என்பதை மட்டும்தான்.

"நீ கேட்டியா?"

"கேட்டேன்."

முத்தம்மா மகளின் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். கஞ்சி சரியான பதமா என்று கரண்டியைச் சாய்த்துப் பார்ப்பதுபோல அது இருந்தது. தினேஸ்வரி கண்ணைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தக்கூடாது என்று நினைத்தாள். ஒருவேளை தாழ்த்தாமல் இருந்ததே காட்டிக்கொடுத்ததோ என்று பிறகு பலமுறை யோசித்தாள்.

"அப்பச் சரி" என்றாள் முத்தம்மா. குழாயை மூடினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேடையிலிருந்த பால் கிண்ணத்தை எடுத்தாள்.

கூடத்தில் எல்லோரும் அப்படியே நின்றார்கள். முத்தம்மா அரிசித் தட்டில் பாலை ஊற்றிப் பிசைந்தாள். கட்டியாக இருந்ததை விரலால் நசுக்கினாள். பிறகு பெட்டியருகே போய் நின்று, கணவனின் தலைக்குக் கீழே கையைக் கொடுத்து முகவாய் நெஞ்சைப் பார்க்கும்படி சற்றுத் தூக்கினாள். தலையணையை மடித்து அண்டக்கொடுத்தாள்.

"எல்லாரும் போடுங்க" என்றாள். "கொஞ்சமா போடுங்க. ஒருத்தர் போட்டு, நான் சொன்னப்புறம் அடுத்தவங்க வாங்க."

ஐயாவு தட்டைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். மூன்று விரல்களால் ஒரு சிட்டிகை எடுத்தார்.

"இது போதுமாம்மா?"

"சரியா இருக்கு மாமா. ஓரமா வைங்க. நடு நாக்குல வேணாம்."

அவர் உதட்டோரத்தில் வைத்தார். முத்தம்மாவின் இரண்டு விரல்கள் அர்ச்சுனனின் தொண்டையில் இருந்தன. எவ்வளவு நேரம் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. கூடத்தில் மின்விசிறி மட்டும் சுற்றியது.

"ம்" என்றாள்.

ஐயாவு நகர்ந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு முதல்முறையாக அழுதார்.

அடுத்தவர் வந்தார். பிறகு அடுத்தவர். தோட்டத்திலிருந்து வந்த சொந்தங்கள், லோரிக்காரர்கள், எதிர்வீட்டுப் பெண்கள். முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலைந்து பேருக்குப் பிறகு அதுவும் நின்றது. ஒவ்வொருவரும் சிட்டிகை எடுத்து, ஓரமாக வைத்து, முத்தம்மா "ம்" சொல்லும்வரை நின்றார்கள். வரிசை வாசல் தாண்டி, புந்தோங் ஊர் வெயிலில் தெருவரை நீண்டது. வெளியே உருமிக்காரர்கள் எப்போது அடிப்பது என்று தெரியாமல் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சவ வேன்காரன் ஒருமுறை ஹாரன் அடித்தான். ரசாக் அவனிடம் போய்க் கதவில் கை வைத்தது சன்னல் வழியே தெரிந்தது.

"தம்பி, சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு" என்றார். "ஹாரன் வேணாம் லா."

தினேஸ்வரியின் முறை வந்தது. அப்பாவின் உதடு குளிர்ந்திருந்தது. வைத்துவிட்டு அவளும் நின்றாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை, விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனதுபோல அவளுக்குத் தோன்றியது.

"ம்."

கடைசியாக முத்தம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தானே எடுத்தாள். மற்றவர்களைவிடக் குறைவாக, நுனிவிரலில் ஒட்டிய அளவு. வைத்தாள். உதட்டோரத்தில் வழிந்த பாலை முந்தானையால் ஒற்றினாள்.

யுகேந்திரன் தாடைத் துணியோடு வந்தான். "அக்கா, கட்டிரலாமா?"

"இரு தம்பி" என்றாள் அவள், திரும்பாமல். "இப்பத்தான குடுத்தேன்."

யுகேந்திரன் ஐயாவுவைப் பார்த்தான். ஐயாவு தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ வேனின் இன்ஜினை அணைத்தார்கள். அவன் துணியை இரண்டாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.