கேட்காமல் எழுதிய 'இல்லை'

காலை எட்டு மணிக்கு எக்ஸ்ரே அறைக்கு வந்ததும் டெக்னீஷியன் செய்யும் முதல் வேலை, மேசையில் கிடக்கும் படிவக் கட்டை இழுத்து முன்னால் போட்டுக்கொள்வது. வெளியே பெஞ்சுகளில் அதற்குள் முப்பது பேராவது சேர்ந்திருப்பார்கள். பெண்களுக்கான படிவத்தின் நடுவே ஒரு கேள்வி உண்டு: 'கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உள்ளதா?' பக்கத்தில் 'ஆம்' என்று ஒரு கட்டம், 'இல்லை' என்று ஒரு கட்டம். அவன் பேனாவைத் திறந்து, கட்டு முழுவதிலும் 'இல்லை'க்கு நேராக மடமடவென்று டிக் அடித்து வைத்துவிடுவான். வருகிறவர்கள் கீழே கையெழுத்துப் போட்டால் சரி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொருவரிடமும் கேட்டான். சிலர் கூச்சத்தில் பதிலே சொல்லவில்லை. கல்யாணமாகாத பெண்ணைக் கூட்டிவந்த அப்பா ஒருவர், "என்ன கேள்வி கேக்கற நீ?" என்று சட்டையைப் பிடிக்க வந்தார். கூட்டமும் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனது. கேட்பதை விட்டான். பதினாறு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததாலேயே பழக்கம் இறுகிவிட்டது. தன் விஷயத்தில் மட்டும் அவன் படு கெட்டிக்காரன். பொத்தானை அழுத்துமுன் தடித்த தடுப்புச் சுவருக்குப் பின்னால் போய் நிற்க ஒருநாளும் மறந்ததில்லை. உடம்பில் எவ்வளவு கதிர் படுகிறது என்று அளக்கும் பேட்ஜைச் சட்டையில் குத்தாமல் அறைக்குள் கால் வைத்ததில்லை.

அன்று வியாழக்கிழமை. பதினோரு மணிக்கு ஒரு பெண் கதவோரம் வந்து நின்றாள். கையில் சீட்டு எதுவும் இல்லை.

"சார், என்னை ஞாபகம் இருக்கா? மூணு வாரம் முன்னாடி வந்தேன். பஸ் படியில வழுக்கி விழுந்து, இடுப்புல அடிபட்டு."

ஞாபகம் வந்தது. பஸ் கண்டக்டர். சீருடையோடு வந்தவள், மேசையில் புரண்டு படுக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

"இப்ப வலி தேவலையா?"

"வலி போயிடுச்சு சார். இது வேற." பெஞ்சில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நான் முழுகாம இருக்கேன். கடைசியா நாள் வந்ததுலேருந்து எண்ணினா எட்டு வாரம்னு சொல்றாங்க."

அவன் மனசுக்குள் விரல் மடக்கினான். எட்டில் மூன்று போனால் ஐந்து. அப்படியென்றால் படம் எடுத்த அன்றே கரு இருந்திருக்கிறது. அவளை உள்ளே வரச்சொல்லி ஸ்டூலை நகர்த்திப் போட்டான்.

"கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் சார். எனக்கு எப்பவுமே நாள் முன்னப் பின்ன ஆகும். அதனால அன்னைக்கு எனக்கே தெரியல. இப்ப எங்க நாத்தனார் சொல்றாங்க, இடுப்புல எக்ஸ்ரே எடுத்தா குழந்தை ஊனமாத்தான் பொறக்குமாம். மருந்துக் கடைக்காரரும் அதையேதான் சொன்னாரு. வீட்டுக்காரர் ரெண்டு நாளா சோறு இறங்காம உக்காந்திருக்காரு. கலைச்சிடலாம்னு முடிவாகி, ஒரு கிளினிக்ல சொல்லியாச்சு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு."

அவன் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தான்.

"உங்களைக் குத்தம் சொல்ல வரல சார்," என்றாள் அவசரமாக. "நீங்க கேட்டிருப்பீங்க. நான்தான் வலியில இல்லைன்னு சொல்லிட்டேன் போல. கையெழுத்தும் போட்டிருக்கேனே. என் வாயாலயே என் புள்ளைக்கு... அதைத்தான் நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். என்ன சொன்னேன்னே ஞாபகம் வரல. எவ்வளவு கதிர் பட்டுச்சுன்னு மட்டும் தெரிஞ்சா போதும் சார், போயிடறேன்."

பதிவேட்டு அலமாரி இரண்டடி தூரத்தில் இருந்தது. படிவத்தைத் தேடி எடுத்தான். அவனுடைய டிக். கீழே அவளுடைய கோணல் கையெழுத்து. 'எடுக்கப்பட்ட படங்கள்: நான்கு' என்று அவன் கையாலேயே எழுதியிருந்தான். காகிதத்தில் எல்லாம் கச்சிதமாக இருந்தது. அவள் கேட்ட கேள்விக்கு ஏதாவது ஒரு பதிலைச் சொல்லி அனுப்பினால், அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. அவள் காலம் முழுக்கத் தன்னையே நொந்துகொண்டு இருப்பாள். அவ்வளவுதான்.

பதிவு மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன பிரச்சினை? கூட்டம் நெருக்குது," என்றார். படிவத்தைப் பார்த்துவிட்டு அவன் காதோரம், "கையெழுத்துதான் இருக்கே, விடு. நமக்கெதுக்கு வம்பு?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அழவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். அவன் படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

"அம்மா, நான் கேக்கல," என்றான்.

"என்ன சார்?"

"அன்னைக்கு நான் உங்ககிட்ட கேக்கவே இல்ல. இந்த டிக் நான் போட்டது. நீங்க வர்றதுக்கு முன்னாடியே போட்டு வச்சது. நீங்க இல்லைன்னு சொல்லல."

அவள் அந்த டிக்கைக் குனிந்து பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கேட்டிருந்தா, நாள் தள்ளியிருக்குன்னு சொல்லியிருப்பேனே சார். அஞ்சு நாள் தள்ளியிருந்துச்சு."

அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. அவன் படிவத்தை எடுத்துக்கொண்டு எழுந்தான். அவளுடைய கணவன் வாசலில் நின்றிருந்தான். அவனையும் கூட்டிக்கொண்டு மூவருமாக மாடிக்குப் போனார்கள்.

மாடியில் கடைசி அறை, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியுடையது. எந்த மிஷினிலிருந்து எவ்வளவு கதிர் வருகிறது என்று அளப்பதும் கணக்குப் பார்ப்பதும்தான் அவர் வேலை. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் 'கணக்கு மேடம்'. இத்தனை வருஷத்தில் அவன் அந்த அறைக்குப் போக வேண்டி வந்ததே இல்லை.

மேடம் விஷயத்தைக் கேட்டார். அவளிடம் தேதி கேட்டார், உயரம் எடை கேட்டார். படிவத்தை வாங்கிக் கம்ப்யூட்டரில் எண்களைத் தட்ட ஆரம்பித்தார். "இடுப்பு எலும்பு, நாலு படம்..." என்று முணுமுணுத்தார்.

கணவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். 'நாலு' என்றது டெக்னீஷியன் காதில் விழுந்தது. அவன் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொன்னால் கணக்கு ஏறும். ஏறி, ஆகாத எண்ணில் போய் நின்றுவிட்டால்? நாலு என்றே விட்டால் இவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்களே. ஆனால் அந்த நிம்மதி பொய்யான எண்ணில் நிற்கும்.

"நாலு இல்ல மேடம்," என்றான். "ஏழு."

மேடத்தின் விரல்கள் நின்றன.

"வலியில அசைஞ்சிட்டாங்க. ரெண்டு படம் கலங்கிப்போச்சு. ஒண்ணு நான் அவசரத்துல சரியா வைக்காம எலும்பு வெட்டுப்பட்டுப் போச்சு. மூணையும் திரும்ப எடுத்தேன். எழுதல. கதிர் எங்க விழும்னு காட்டற வெளிச்சக் கட்டத்தையும் தேவையான அளவுக்குச் சுருக்கல."

கணவன் தலையைத் திருப்பி அவனைப் பார்த்த பார்வை சுட்டது. அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று அவன் நின்றான். கணவன் அடிக்கவில்லை. "கணக்கைப் போடுங்க மேடம்," என்று மட்டும் சொன்னான். குரல் உடைந்திருந்தது.

மேடம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். மிஷினின் நினைவுப் பதிவையும் வரவழைத்துச் சரிபார்த்தார். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரமும் அவனும் கணவனும் உட்காரவில்லை. அவள் மட்டும் இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் மேடம் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லாக் கேட்டுக்கம்மா. கருவுக்குப் பாதிப்பு வருமோன்னு டாக்டர்கள் கவலைப்பட ஆரம்பிக்கற அளவு நூறுன்னு வச்சுக்கங்க. உங்களுக்கு ஏழு படத்தையும் சேர்த்து, பத்துகூட வரல. கூட்டியே போட்டிருக்கேன், குறைச்சுப் போடல."

"அப்ப ஊனம்?"

"எந்தக் குழந்தைக்கும் குறை வர ஒரு சின்ன வாய்ப்பு உண்டு. எக்ஸ்ரேயே எடுக்காதவங்களுக்கும் உண்டு. அதை நானோ யாரோ இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா இந்த எக்ஸ்ரேக்காக அந்த வாய்ப்பு கூடிடுச்சுன்னு சொல்ற அளவுக்கு இதுல ஒண்ணுமில்ல. இதுக்காகக் கருவைக் கலைக்கணும்னு எந்த டாக்டரும் சொல்லக்கூடாது. இதை எழுதித் தர்றேன். கீழே மகப்பேறு டாக்டர் இருக்காங்க, அவங்ககிட்ட இப்பவே காட்டுங்க. அப்புறம் நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணுங்க."

"நாளைக்குப் பத்து மணிக்கு..." என்று கணவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். முடிக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவர்கள் கீழே போனதும் மேடம் அவனிடம் கேட்டார். "இது மாதிரி எத்தனை பேர்?"

"தெரியாது மேடம்," என்றான். அதுதான் உண்மை. பதினாறு வருஷக் கட்டுகள். யாராவது ஒருத்தி இப்படித் திரும்பி வராமலே, யார் பேச்சையோ கேட்டு, ஒரு கிளினிக்குக்குப் போயிருப்பாளா? அன்றைக்கு மாலை அவனே எல்லாவற்றையும் எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தான். பதவி உயர்வு நிறுத்தப்பட்டது. ஒரு மாதம் மிஷினைத் தொடக்கூடாது, பயிற்சிக்குப் போக வேண்டும் என்றார்கள். கூடவே ஒரு காரியம் நல்லபடியாக நடந்தது: படிவத்தில் கட்டங்களை எடுத்துவிட்டு, கடைசி மாதவிலக்குத் தேதியை நோயாளியே எழுதும்படி மாற்றினார்கள்.

அதற்கப்புறம் வந்த ஒன்பது மாதத்தை அவன் எப்படிக் கழித்தான் என்பது அவனுக்கும் அவன் மனைவிக்கும்தான் தெரியும். பத்துகூட வரவில்லை என்ற எண்ணைப் பகலில் பத்து தடவை சொல்லிக்கொள்வான். கணக்கு சரிதான் என்று புத்தி சொல்லும், மனசு கேட்காது. அவளோ கணவனோ போன் செய்யவில்லை. கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று அவனும் செய்யவில்லை. மகப்பேறு வார்டைத் தாண்டி நடக்க வேண்டியிருந்தால் சுற்றுவழியில் போனான்.

ஒரு திங்கட்கிழமை, பெஞ்சு நிறைய ஆட்கள். அவன் ஒரு பெண்ணிடம் தேதி கேட்டுக்கொண்டிருந்தபோது வெளியே பழகிய குரல் கேட்டது. கதவைத் திறந்தான். கண்டக்டரம்மா நின்றிருந்தாள். தோளில் இரண்டு மாதப் பெண் குழந்தை. தடுப்பூசி போட வந்திருக்கிறாள். குழந்தை கைகாலை உதைத்துக்கொண்டு, யாரோ கிள்ளியது போல முழுத் தொண்டையில் கத்திக்கொண்டிருந்தது. அவன் அதன் விரல்களை எண்ணினான். எண்ணியதை அவளும் பார்த்துவிட்டாள்.

"எல்லாம் சரியா இருக்கு சார். டாக்டரும் பாத்துட்டாங்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

உள்ளே கேள்வி கேட்கப்பட்ட பெண் முகம் சிவந்து, "நாள் கணக்கையெல்லாம் எதுக்குக் கேக்கறாங்க?" என்று முணுமுணுத்தபடி வெளியே வந்தாள்.

கண்டக்டரம்மா குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு அவளிடம் சொன்னாள்: "கூச்சப்படாதம்மா. நான் பஸ்ல ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை 'டிக்கெட் வாங்கியாச்சா'ன்னு கேப்பேன். திட்டறவங்க திட்டத்தான் செய்வாங்க. ஆனா கேக்கறதுக்குத்தான் என்னை வண்டியில ஏத்தியிருக்காங்க. இவங்களும் ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டே ஆகணும். அவங்க கேக்க மறந்தா, நாள் தள்ளியிருக்குன்னு நாமளே வாயைத் திறந்து சொல்லணும். தெரியாம எக்ஸ்ரே எடுத்துட்டா, அக்கம்பக்கத்துல கேட்டு முடிவெடுக்கக்கூடாது. கணக்குத் தெரிஞ்சவங்ககிட்ட போய்க் கேக்கணும். நான் ஒரே ஒரு நாள் லேட்டா வந்திருந்தா, இன்னைக்கு என் தோள் காலியா இருந்திருக்கும்."