தலை ஒருவரிடம், மோட்டார் ஒருவரிடம்

1

இந்தக் கதை பிறந்தது ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாயில். போன வருடம் ஒரு பழைய லேப்டாப்புக்காக, முகம் பார்க்காத ஒருவனுக்கு நான் போனில் அனுப்பிய தொகை அது. ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், சாமான்களை வந்த விலைக்கு விற்கிறேன் என்றான். சீருடையில் நிற்கும் படம் ஒன்றையும் அனுப்பினான். பணம் போனது. பின்னாலேயே அவன் நம்பரும் போனது.

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் மூட்டை தூக்குகிறவருக்குப் பிறந்தவன் நான். ஆறாயிரத்து ஐந்நூறு என்பது எத்தனை மூட்டை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பினேன். போலீசில் சொல்ல வெட்கமாக இருந்தது. எனவே ஒரு கதை எழுதி, அதில் இன்னொருவரை ஏமாற வைத்து மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். நல்ல நோக்கம் இல்லைதான். மறைக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு

[வேண்டாம். மும்பைக் கதை ஒன்றாவது நனையாமல் இருக்கட்டும்.]

இரண்டாவது தொடக்கம்: "முத்துமாரி யாரையும் எளிதில் நம்பிவிடுகிற, வெள்ளை மனம் கொண்ட

[பொய். பதினாறு வருடம், உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டுக்கு மிஷின் ஓட்டியவளுக்கு வெள்ளை மனம் எங்கிருந்து வரும்?]

விவரத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். முத்துமாரி, முப்பத்தெட்டு வயது, தாராவி. துணியின் ஓரம் பிரியாமல் பின்னுகிற ஓவர்லாக் மிஷினை அடுத்தவர் பட்டறையில் ஓட்டிக்கொண்டிருந்தாள். முதலாளியோடு வாய்த்தகராறாகி வெளியே வந்துவிட்டாள். செம்பூரில் பள்ளிச் சீருடை எடுத்து விற்கும் பஞ்சாபகேசன், வெட்டிய பாவாடைகள் முந்நூறை அவளிடம் தந்திருக்கிறார். வியாழக்கிழமைக்குள் ஓரம் பின்னித் தந்தால் வருடம் முழுக்க வேலை. தராவிட்டால் பழைய பட்டறை வாசலில் போய்த் தலைகுனிந்து நிற்கவேண்டும். கையில் மிஷின் இல்லை. மகளிர் குழுக் கடன் பதினாலாயிரம் வங்கிக் கணக்கில் இருக்கிறது. அவ்வளவுதான் இருக்கிறது.

3

விளம்பரத்தை அவள் புருஷன் வேல்ராஜ்தான் போனில் கண்டுபிடித்தான். உல்லாஸ்நகர். ஓவர்லாக் மிஷின், மேசை, மோட்டாரோடு பதினாலாயிரம். போன் செய்தால் மறுமுனையில் ஒரு ஆண் குரல், ஹிந்தியில்: இன்னொரு பார்ட்டி கிளம்பி வந்துகொண்டிருக்கிறது, இரண்டாயிரம் டோக்கன் போட்டால் உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்.

என் லேப்டாப் ஆளைப் போலவே பேசுகிறான் என்று எனக்குக் கை பரபரத்தது. இந்த இடத்தில் அவளை ஏமாற வைத்துவிடலாம்.

"போட்டுருவோமா?" என்றான் வேல்ராஜ்.

"எதுக்கு?"

"பயானா குடுக்காம எவன் சாமான எடுத்து வைப்பான்? ஒங்க பழைய பட்டறை சேட்டு குடுக்கமாட்டானா?"

"குடுப்பான். சாமான் மேல ஒரு கைய வச்சுக்கிட்டு மத்த கையால குடுப்பான். போன்ல எந்தச் சாமான் மேல கைய வைக்க? ஒங்க தலையிலயா?"

"ஏட்டி, வேற பார்ட்டி வந்துருவான்லா."

"வரட்டும். அவனுக்கு ஒரு மிஷின் கெடச்சா நமக்கு என்ன வயித்தெரிச்சல்?"

[பயானா என்பது பம்பாய்ப் பட்டறைகளில் முன்பணம். பொருளைத் தொட்டுக்கொண்டு தருவது வழக்கம். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். லேப்டாப்புக்குப் பணம் அனுப்பியபோது என் கை எதன்மேல் இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நாற்காலியின் மேல்.]

முத்துமாரி அந்த ஆளிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். வீடியோ காலில் வந்து, மிஷினில் ஒரு துண்டுத் துணியை ஓட்டிக் காட்டவேண்டும்.

4

அவன் மறுத்துவிடுவான் என்று எழுதி வைத்திருந்தேன். அவன் மறுக்கவில்லை. போனை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டு ஓட்ட உட்கார்ந்தான். மூன்று விரற்கடை ஓடியதும் நூல் அறுந்தது.

"எளவு, இப்பதான் அறணுமா" என்றான் அவன், தமிழில்.

வேல்ராஜின் முகம் மலர்ந்தது. "ஏ, நம்ம ஆளு!"

"நம்ம ஆளுன்னா? நம்ம ஆளு நம்மள ஏமாத்தினதே இல்லையோ?" என்று போனை மூடிக்கொண்டு கேட்டாள் முத்துமாரி. பிறகு சொன்னாள்: "ஆனா மிஷின் இருக்கு."

"எப்படிச் சொல்லுத?"

"ஏமாத்துறவன் காட்டுற வீடியோவுல நூல் அறாது."

இந்த வரியை நான் யோசிக்கவில்லை. எது தன் வரி, எது இல்லை என்று எழுதுகிறவனுக்குத் தெரியும். நூலை அறுத்தது நான், கதை கொஞ்சம் நிஜம்போல இருக்கட்டும் என்று. அதற்கு அர்த்தம் கண்டுபிடித்தது அவள். எதையும் பார்த்து வியக்கிற பழக்கம் எனக்கு இல்லை. சுமை தூக்கும் எங்கள் வரிசையில் வியந்து நின்றால் அடுத்த மூட்டை முதுகில் விழும். அன்றைக்குப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

5

ஞாயிற்றுக்கிழமை, பகல். இரண்டு பேருமாகத்தான் போனார்கள். உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் தைக்கும் ஒரு கொட்டகை. விற்கிறவர் பெயர் தனசீலன், ஐம்பது தாண்டியவர், நாகர்கோவில் பக்கம். பட்டறையை மூடுகிறார். முத்துமாரி தன் பையிலிருந்து சொந்தத் துணியையும் சொந்த நூலையும் எடுத்து, உட்கார்ந்து, கால் மணி நேரம் ஓட்டினாள். மிஷின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே ஓட்டினாள்.

"நல்லாருக்கு, அண்ணாச்சி."

"ஒரு சங்கதி சொல்லிருதேன், தங்கச்சி. என் போன்ல பைசா விழாம சாமான் வாசல் தாண்டாது. போன மாசம் ஒருத்தன் பணம் போட்டதா படத்தக் காட்டி ஒரு மிஷின ஏத்திட்டுப் போயிட்டான். படம் பொய்யி. எம் பொண்டாட்டி இன்னைக்கு வரைக்கும் அந்தப் படத்தச் சொல்லித்தான் எனக்குச் சோறு போடுதா."

அவரும் ஏமாந்தவர். இதையும் நான் திட்டமிடவில்லை.

மிஷின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு முத்துமாரி முதலில் ஒரு ரூபாய் அனுப்பினாள். திரையில் தனசீலன் என்ற பெயர் வந்தது. அவர் போன் சிணுங்கியது. அவர் தலையசைத்தார். பிறகு மிச்சம் பதின்மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதை அனுப்பினாள்.

அவள் கணக்கிலிருந்து போய்விட்டது. அவர் கணக்குக்கு வரவில்லை. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. நடந்துகொண்டிருக்கிறது, மூன்று வேலை நாள் வரை ஆகலாம் என்று ஒரு வரி.

கொஞ்ச நேரம் இதை நினைத்துப் பாருங்கள். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அவள் பெயரில் வந்த பணம். இப்போது அவளிடம் இல்லை, அவரிடமும் இல்லை. கீழே விழவுமில்லை, யாரும் திருடவுமில்லை. எங்கே இருக்கிறது? மூட்டை என்றால் ஏதோ ஒரு முதுகில் இருந்துதான் ஆகவேண்டும். இது யார் முதுகிலும் இல்லாமல் இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

6

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) தனசீலன் மனம் இளகி, "கொண்டு போ, தங்கச்சி" என்கிறார். [ஏற்கெனவே ஒரு மிஷின் போன ஆள். என் வசதிக்காக அவரை இரண்டாவது தடவை முட்டாளாக்க மாட்டேன்.]

ஆ) வெறுங்கையோடு திரும்புகிறார்கள். புதன்கிழமை பணம் வந்து சேர்கிறது. வியாழன் எப்படி

இ) வேல்ராஜ் கத்துகிறான், தனசீலன் கத்துகிறார், அக்கம்பக்கம் கூடி

மூன்றையும் கிழித்தேன். அவர்கள் மூவரும் கொட்டகையில் நின்றுகொண்டே இருந்தார்கள். மிஷினை ஏற்றிப் போக வந்த டெம்போக்காரன் வெளியே ஹாரன் அடித்தான். நானும் நின்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

முத்துமாரிதான் பேசினாள். "அண்ணாச்சி, ஸ்பேனர் இருக்கா?"

7

"எதுக்கு?"

"தைக்கிற தலைய மட்டும் கழட்டி நான் கொண்டு போறேன். மோட்டாரும் மேசையும் ஒங்ககிட்ட கெடக்கட்டும். மோட்டார் இல்லாம நான் ஆர்டர முடிக்க முடியாது. தலை இல்லாம நீங்க முழு மிஷினா விக்க முடியாது. பைசா ஒங்களுக்கு விழுந்தா மோட்டாரத் தாங்க. எனக்கே திரும்பி வந்தா மறுபடி போடுதேன், இல்ல தலையக் கொண்டாந்து வைக்கேன்."

தனசீலன் தாடையைச் சொறிந்தார். "மோட்டார நான் தனியா வித்துட்டா?"

"தலைய நானும் தனியா விக்கலாம்லா. ரெண்டு பேரும் கள்ளத்தனம் பண்ணலாம். ஆனா பாதிக் கள்ளத்தனந்தான் பண்ண முடியும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்பேனரை எடுத்து வந்தார். பெல்ட்டைக் கழற்றி, போல்ட்டுகளைத் தளர்த்தி, தலையைத் தூக்கி வைத்தார்கள். அவர் ஒரு பக்கம் பிடித்தார், அவள் ஒரு பக்கம் பிடித்தாள். ஒருவரை ஒருவர் துளியும் நம்பாத இரண்டு பேர், எண்ணெய்ப் பிசுக்குள்ள ஒரு இரும்பை, கீழே விழாமல்.

[பணத்தை மூன்றாவது ஆளிடம் கட்டிவைத்துக் கைமாற்றும் முறை ஒன்று உண்டு. அதற்கு வக்கீல் உண்டு, படிவம் உண்டு, கட்டணம் உண்டு. இங்கே மூன்றாவது ஆள் இல்லை. ஒரு ஸ்பேனர் இருந்தது.]

டெம்போவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தலையைச் சாக்கில் சுற்றி வேல்ராஜ் தோளில் ஏற்றினான். ரயிலில் லக்கேஜ் பெட்டி. சாக்கை விலக்கி முத்துமாரி கைச்சக்கரத்தைச் சுற்றினாள். ஊசி மெதுவாக இறங்கி ஏறியது.

"கையால சுத்துனா வியாழனுக்குள்ள எத்தன பாவாட ஓடும்?" என்றான் வேல்ராஜ்.

"நீங்க சுத்துனா பத்து. நான் சுத்துனா பன்னெண்டு."

"மிச்சம்?"

அவள் சாக்கை இழுத்து மறுபடி மூடினாள்.

இதற்குமேல் எழுத எனக்குத் துணிவு இல்லை. அந்த வட்டம் எந்தப் பக்கம் முடிந்தது, எந்த நாளில் முடிந்தது, மோட்டார் தாராவி வந்ததா என்பதை ஒரு வரியில் முடித்துவிடலாம், எழுதுகிறவனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் இந்தக் கதையில் நான் நினைத்த எதுவும் அவர்கள் செய்ததற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. முடிவை மட்டும் நான் செய்தால் அது மட்டமான சரக்காக இருக்கும்.

ரயில் டோம்பிவிலி தாண்டி வேகம் எடுத்தது. பெட்டி ஆடியது. அவள் இடுப்புப் பையில் போன் அதிர்ந்தது. அவள் இரண்டு கையும் மிஷினை அணைத்திருந்தன, விட்டால் சரியும். வேல்ராஜ் கதவோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவளால் எடுக்க முடியாது. நான் எடுக்கமாட்டேன்.

எடுப்பதாக இருந்தால் நீங்கள்தான் எடுக்கவேண்டும்.