ரோய்ஜி சொல்லாமல் விட்டது

லியாவ் முதலாளி தேநீரைத் தொடாமலேயே சீனத்தில் பேசினார். "எங்களைத் தவிர வேற எவனுக்காவது இந்த மண்ண வித்தீங்கன்னா, எல்லையில கேட்டை மூடிடுவோம். அரிசி, டீசல், மருந்து ஒண்ணும் வராது. அப்புறம் உங்க தலைக்கு மேல குண்டு போட ராணுவத்தோட பிளேன் வந்தா எங்களைக் கேக்காதீங்க."

மேஜர் ஸின்வா ரோய்ஜியைப் பார்த்தான். எல்லைக்கு அப்பால் சீனத் தெங்சோங் ஊரில் எட்டு வருடம் மரக்கடையில் வேலை பார்த்துச் சீனம் கற்றவள் அவள். பாங்வா மலையை ஸின்வாவின் கிளர்ச்சிப் படை ராணுவத்திடமிருந்து பிடித்ததிலிருந்து இந்தக் கூட்டங்களுக்கெல்லாம் அவள்தான் வாய். மலையில் துளை போட்டு, மருந்துத் தண்ணீர் விட்டுக் கரைத்தெடுக்கிற இந்த வெளிறிய மண்ணுக்குப் பெரிய தேசங்கள் அடித்துக்கொள்ளும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. ஏவுகணைக்கு ஆகுமாம். போன வாரம் கடலுக்கு அப்பாலிருந்து இரண்டு பேர் காட்டுவழியாக வந்து இரண்டு பை மண்ணை மாதிரிக்கு அள்ளிப்போனார்கள். அது எப்படியோ லியாவுக்குத் தெரிந்துவிட்டது.

ரோய்ஜியின் மகள் நிறைமாதம். இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் குண்டு விழுந்துவிட்டதால், மூன்று நாட்களாக எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள்.

"மத்தவங்களுக்கு வித்தா வியாபாரம் கஷ்டமாயிடும்கிறாரு மாமா." அவளைவிட இளையவன்தான் ஸின்வா. தாய்வழிக் குலத்தவன் என்பதால் மாமா.

"இம்புட்டு நேரம் பேசினான், அவ்வளவுதானா?"

"சீனத்துல எல்லாமே நீளம் மாமா."

ஸின்வா சிரிக்கவில்லை. "இந்த மலை அவன் அப்பன் வீட்டுச் சொத்தில்லன்னு சொல்லு. இதுக்காக நூத்திநாப்பது பசங்களைப் புதைச்சிருக்கேன். வாங்க வேற ஆள் இருக்கு, அவன் போகட்டும்."

ரோய்ஜி லியாவ் பக்கம் திரும்பினாள். யோசித்துச் சொல்கிறார்களாம், பழைய நட்பை மறக்கமாட்டார்களாம் என்று சீனத்தில் சொன்னாள். லியாவ் தலையாட்டிக்கொண்டே எழுந்தார். வழியனுப்ப அவள்தான் கார்வரை போனாள்.

கார்க் கதவைப் பிடித்தபடி லியாவ் திரும்பினார். அவளுடைய சொந்த மொழியில், இந்த மலைக்காரர்களின் இழுவையோடு பேசினார். "எங்கம்மாவும் உங்க ஜனம்தான் அக்கா. அந்த நூத்திநாப்பது பேரை விட்டுட்டீங்களே."

அவள் கைகூப்பினாள். "ஐயா, எம் பொண்ணு அங்க..."

"தெரியும். நாலாவது மாடி." அவர் குரலில் கோபமே இல்லை. "அந்த ரெண்டு பேரு மறுபடி வந்தா எங்காதுல ஒரு வார்த்தை போடுங்க. பொண்ணு நல்லபடியா பெத்து வரட்டும்."

கார் போன பிறகும் புழுதியில் நின்றாள். ஸின்வா வாசலிலிருந்து கத்தினான். "என்னவாம்?"

"அவருக்கு நம்ம பாஷை தெரியும் மாமா."

அவன் முகம் செத்துப்போனது. "அப்ப இத்தனை நாளா அவன் எதிர்லயே நாம பேசினது?"

"எல்லாத்தையும் கேட்டுட்டாரு." மீதியை அவள் சொல்லவில்லை. சொன்னால் இவன் தன்னை எல்லைப்பக்கமே விடமாட்டான்.

சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். மகளின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, என்ன சொல்வதென்று தெரியாமல் எடுக்கவில்லை. வளைவு திரும்பியதும் எல்லைவரை லாரிகள் வரிசையாக நின்றன. வரிசையின் முன்னாலிருந்து ஒவ்வொரு இன்ஜினாக அணைந்துகொண்டு வந்தது. ஓட்டுநர்கள் கீழே குதித்து, கேட்டை மூடுறாங்களாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அவர்களை இடித்துக்கொண்டு, செருப்பு ஒன்று கழன்றதும் தெரியாமல், ரோய்ஜி கேட்டை நோக்கி ஓடினாள்.