கையை எடுத்தது யார்?

"அன்னைக்கு குவாரியில என்கிட்டேர்ந்து கையை எடுத்தது யாரு? எனக்கு அது தெரியணும் சார்."

உட்காரச் சொல்லும் முன்பே கேட்டுவிட்டேன். மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் மேஜர், டாக்டர். கமாண்டோ குழுவோடு கூடவே போய், அடிபட்டவன் பக்கத்தில் கிடக்கும் மருத்துவப் பிரிவு அவருடையது. இன்னொருவர் கேப்டன். ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கி, ஆளைத் தூக்கிக்கொண்டு பறக்கும் மீட்புப் பிரிவு அவருடையது. இரண்டு பிரிவும் என்னை எடுத்துக்கொள்ளத் தயார். எது என்று நான் சொன்னால் போதும்.

வாசல் வரை வந்த எங்கள் பயிற்சியாளர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "குவாரி பேச்சை மட்டும் எடுக்காதே. எடுத்தே, ரெண்டும் போயிடும்."

எங்கள் அணியிலேயே எடை குறைந்தவள் நான். பயிற்சியில் யாராவது ஒருவர் அடிபட்டவராகப் படுக்க வேண்டும். கனமான ஆளைப் படுக்கவைத்தால் தூக்குகிறவர்களுக்கு முதுகு போய்விடும் என்பதால் எப்போதும் நானே படுத்தேன். கழுத்தில் ஓர் அட்டை தொங்கும்: கால் முறிவு, ரத்தப்போக்கு, மயக்கம். எனக்குப் பெயரே 'பொணம்' என்று ஆகிவிட்டது. இருக்கிறதிலேயே கனமானவன் பீப்பாய். அவனை ஒருநாளும் யாரும் படுக்கவைத்ததில்லை.

"நிஜமாவே குண்டடி பட்டா உன்னை யாருடா தூக்குவா?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் நான் அடிபடறதா இல்ல" என்றான்.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. மருத்துவ ஆள் மீட்பு ஆளிடம் நோயாளியை ஒப்படைக்கும்போது நோயாளியின் தோளில் வைத்த கையை எடுக்கக் கூடாது. வாங்குகிறவன் தன் கையை அதன்மேல் வைத்து, "எடுத்துக்கிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் முதல் கை விலகலாம்.

குவாரியில் அன்று காலை மருத்துவ அணி எனக்குக் கட்டுப்போட்டு, போர்வைப் பைக்குள் கைகளையும் சேர்த்து வைத்து, ஸ்ட்ரெச்சரோடு பட்டைபோட்டு இறுக்கியது. ஹெலிகாப்டர் தலைக்கு மேல் நின்றது. அந்த நேரம் பார்த்து வயர்லெஸ்ஸில் நிஜ அழைப்பு: எங்கோ ஒரு பஸ் பள்ளத்தில் உருண்டிருந்தது. ஒரே புழுதி, ஒரே கூச்சல். புழுதி அடங்கியபோது ஹெலிகாப்டரும் இல்லை, மருத்துவ அணியின் வண்டியும் இல்லை. நான் இருந்தேன்.

ஹெலிகாப்டர்காரர்கள் தூக்கிப் போய்விட்டார்கள் என்று மருத்துவ அணி நினைத்திருக்கிறது. மருத்துவ அணியிடமே இருக்கிறாள் என்று ஹெலிகாப்டர்காரர்கள்.

முதலில் அசையாமல் கிடந்தேன். அட்டையில் 'மயக்கம், பேச்சில்லை' என்று இருந்தது. பயிற்சி முடிந்ததற்கான விசிலும் ஊதவில்லை. இதுவும் ஒரு சோதனையோ என்று நினைத்தேன், மக்கு. வெயில் நேராக முகத்துக்கு வந்தபின் கத்தினேன். பாறைகள் அதைத் திருப்பி எனக்கே சொல்லின. ஓர் எறும்பு கன்னத்தில் ஏறி, கண்ணோரம் நின்று யோசித்து, மூக்கின் மேல் போனது. ஊதிப் பார்த்தேன். தட்டிவிடக் கை இல்லை. ஒருமுறை ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. எனக்காகத்தான் என்று பட்டைக்குள் உடம்பே எழப் பார்த்தது. அது மலைக்கு அந்தப் பக்கமாகவே போய்த் தேய்ந்தது.

வெயில் சாய்ந்த பிறகு பீப்பாய் வந்தான், மறந்துவிட்டுப் போன தன் ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டு.

"ஏய் பொணம், இன்னும் இங்கயா கிடக்கே?" என்று சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மண்டியிட்டுப் பட்டையை அவிழ்த்தான். மதியம் ஒரு தட்டு சாப்பாடு மிஞ்சியதாம். யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லையாம். அவனே சாப்பிட்டுவிட்டானாம்.

இதை அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அந்தத் துணிகளின் காசில்தான் நான் நர்சிங் படித்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டில் அவளும் நானும்தான். நான் பயிற்சிக்கு வந்த பிறகு அவள் மட்டும்.

இங்கே வருவதற்கு முன் இரண்டு வேலையையும் அவளுக்குப் போனில் விளக்கினேன்.

"கயித்துல இறங்கறதுக்கே போ. டிவியில காட்டுவாங்க. வாரத்துக்கு ஒருதரம் பேசவும் விடுவாங்கன்னு சொன்னியே."

"ஆமாம்மா."

"இன்னொண்ணு?"

"போனா மாசக்கணக்குல பேச முடியாது. எங்க இருக்கேன்னுகூடச் சொல்லக் கூடாது."

அந்தப் பக்கம் சலவை இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"சரிடி. எது குடுக்கறாங்களோ வாங்கிக்கோ. கேட்டு வாங்காதே. நாம அப்படியேதான் வளர்ந்துட்டோம்."

"எங்கேம்மா வளர்ந்தோம்? அப்படியேதானே இருக்கோம்?" என்று கத்தினேன். அவள் கேட்டாளோ, இயந்திரச் சத்தத்தில் விட்டுவிட்டாளோ.

மேஜைக்குப் பின்னாலிருந்து என் கேள்விக்குப் பதில் வந்தது. "அது வெறும் பயிற்சிம்மா. அதைப் போய் இவ்வளவு பெருசு பண்றியே" என்றார் கேப்டன். "எங்க ஆள் உன்மேல கையே வைக்கல. நாங்க எடுத்துக்கவே இல்லை."

"நாங்க குடுத்துட்டோம்" என்றார் மேஜர்.

"யார் கையில சார்?"

மேஜர் பேனாவைத் திறந்தார், மூடினார்.

"சரி, எங்க பக்கம்தான் முதல்ல கையை எடுத்திருக்காங்க" என்றார் கடைசியில். "பேர் சொல்ல மாட்டேன். கையை எடுத்தது ஒருத்தர் மட்டும் இல்லை."

"போதும் சார். எனக்கு மருத்துவப் பிரிவு."

கேப்டன் சிரித்தேவிட்டார். "விட்டுட்டுப் போனவங்க கிட்டயேவா?"

"அங்கதான் சார் கையை எடுக்காத ஆள் ஒண்ணு வேணும். ஹெலிகாப்டர் எப்ப வேணா வரட்டும். அதுவரைக்கும் நான் உக்காந்திருப்பேன். இனிமே பயிற்சியில என்னைப் படுக்க வைக்காதீங்க. பீப்பாயைப் படுக்க வைங்க, நான் தூக்கறேன்."

"முதுகு போயிடும்" என்றார் மேஜர். ஆனால் எழுதிக்கொண்டார். எழுதியபடியே, நிமிராமல் கேட்டார்: "வீட்டுல யார் இருக்காங்க?"

"அம்மா."

"அவங்க கூட?"

கேட்டு வாங்காதே என்ற அம்மாவை நான் யார் கையில் ஒப்படைத்துவிட்டு வந்தேன்? எடுத்துக்கிட்டேன் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. முதலில் கையை எடுத்தவள் நான்தான்.

"யாரும் இல்ல சார்" என்றேன்.

அவர் பேனா நின்றது. அம்மாவோடு பேச விடும் பிரிவுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. அவர் சொல்லும் முன்பே சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பினேன். கதவு கனமாக இருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.