திருடினால்தான் பிழைக்கும்

பால் காய்ச்சி ஆறுவதற்குள் ஊற்றிவிட்டேன். பாலைப் புளிக்கவைக்கும் உறைக்கட்டியான எங்கள் வீட்டுக் கிபி வெந்து செத்தது. காலிஃபிளவர் துணுக்குகளாய்த் துள்ளிக்கொண்டு பாலை ஐரான் என்ற மோராகப் புளிக்கவைத்த கிபி, பழுப்பாகக் குழைந்து கிடந்தது. எங்கள் மலைக் கிராமமான உச்குலானின் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான். வெட்கக்கேடு.

பக்கத்து வீட்டு போல்டுக் எட்டிப்பார்த்தாள்.

"உங்க அக்கா வீட்டுல போய்க் களவாடிட்டு வாயேன்டி."

எங்கள் ஊரில் கிபியை யாரும் கொடுக்க மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். கொடுத்தால் கொடுத்தவள் வீட்டுப் பரக்கத், அந்தச் செழிப்பு, போய்விடுமாம். தேவைப்பட்டவள் திருடத்தான் வேண்டும், நன்றியும் சொல்லக்கூடாது. இதைச் சொல்லி வகுப்பில் எத்தனை முறை சிரித்திருக்கிறேன்!

"போயும் போயும் அவ வீட்டுலயா? ஆடுங்களைப் பங்கு பிரிச்சதுல சண்டை போட்டு ஆறு வருஷமாப் பேச்சே இல்ல. உன் வீட்டுலயே எடுத்துக்கிறேன்."

"தாராளமா எடு. ஆனா அது எங்க மாமியார் கைப்பட்டு வளர்ந்தது. உங்கம்மா கை ஆகுமா?"

அந்தக் கேள்வி முள்ளாய்த் தைத்தது. நுண்ணோக்கியில் வருஷா வருஷம் காட்டுவேன்: உருண்டை ஈஸ்ட்டுகள் விலாவில் குட்டி முளைக்க நிற்கும். குச்சிப் பாக்டீரியாக்கள் சரம் சரமாய்ப் பின்னிக் கிடக்கும். ஒன்றின் கழிவு இன்னொன்றுக்குச் சோறு. எல்லாம் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு வீடு கட்டிக்கொள்ளும். ஒரு கிபி உண்டாக இன்னொரு கிபிதான் பிரியவேண்டும், வெறும் பாலிலிருந்து அதை உண்டாக்கியவரை நான் அறியேன். எங்கள் சனத்தையே அரசாங்கம் நாடுகடத்தி ரயிலில் அள்ளிக்கொண்டுபோனபோது எங்கள் கிபி அம்மாவின் ரவிக்கைக்குள் சருகாய்க் காய்ந்து கிடந்தது, கிர்கிஸ் பாலில் மறுபடி கண் விழித்தது. அம்மா வெறுங்கையால்தான் அதை அலசுவாள். அவள் ரேகைகளில் குடியிருந்தவையும் அதில் ஏறியிருக்கும். அம்மா மண்ணுக்குள் போய்விட்டாள். அவை இந்த நிமிஷமும் அக்கா வீட்டில் குட்டி போட்டுக்கொண்டிருக்கின்றன. 

வெறும் வாயை மெல்லும் போல்டுக்குக்கு அவல் கிடைத்தது, என் கிபி செத்த சேதி ராத்திரிக்குள் ஊரெல்லாம் போயிருக்கும். மறுநாள் காலை எதிர்ச்சாரியிலிருந்து அக்கா கோஷாயாக்கின் குரல் ஊரையே தூக்கியது.

"ஆத்துக்குக் கம்பளி அலசப் போறேன்! உச்சிக்குத்தான் வருவேன்! நாயைக் கட்டிட்டேன்!"

கோழிகளிடமா சொல்கிறாள்?

போனேன். கதவு திறந்திருந்தது. மேசைமேல் மரக் கிண்ணத்தில் கிபி, புதுப் பாலில் அலசிவைத்தபடி. காதை வைத்துக் கேட்டேன். நுரை மெல்லப் பொரிந்துகொண்டிருந்தது. யாரும் பார்க்காத இருட்டில், யாரும் சொல்லாமல், இத்தனை கோடி உயிர்கள் இத்தனை காலமாய் வேலை செய்திருக்கின்றன. கைகூப்பத் தோன்றியது. கூச்சத்தில் ஒரே ஒரு சின்னக் கட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

சாயங்காலம் தெருக் குழாயடியில் பெண்களுக்கு நடுவே அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எவளோ என் வீட்டுல புகுந்துட்டா! திருட வந்தவ பெருசாத் திருட வேணாமா? கொசுறு மாதிரி எடுத்திருக்கா, பிசினாறி! நாளைக்கும் ஆத்துக்குப் போறேன், சொல்லிட்டேன்!"

எல்லோரும் என்னைப் பார்க்காமல் சிரித்தார்கள். நன்றி என்ற சொல் தொண்டைவரை வந்தது, விழுங்கினேன்.

"எங்க வீட்டுக் கதவையும் தாழ் போடுறதில்ல அக்கா," என்றேன். "என்னிக்காவது உன்னோடது செத்துப்போச்சுன்னா..."

அக்காவின் வாளி நிறைந்து வழிந்தது. அவள் குழாயை மூடவே இல்லை.