சந்தனம் பூசிய எஞ்சின்

ஒதியம்பட்டில் எரிந்துபோன பம்புசெட் மோட்டாரெல்லாம் உலகநாதனிடம்தான் வரும். அவர் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டிக் கொடுத்தால் அடுத்த கோடைவரை புகார் இருக்காது. அப்பேர்ப்பட்டவரை உள்ளங்கை நீளத்து ரயில் எஞ்சின் ஒன்று மண்ணைக் கவ்வ வைத்திருந்தது.

பிரான்சில் வேலை பார்க்கும் மகள் மஞ்சுளா, போனமுறை வந்தபோது வைத்துவிட்டுப் போன பொம்மை ரயில் அது. ஞாயிறு நாலு மணிக்கு அவள் வீடியோவில் வருவாள்.

"சாப்ட்டியாப்பா?"

"சாப்ட்டேன். நீ?"

அதோடு இருவருக்கும் சரக்குத் தீர்ந்துவிடும். மனைவி இருந்தவரை அவள் பேசுவாள்; இவர் பின்னால் நின்று தலையாட்டுவார். ரயில் வந்த பிறகுதான், அது சுற்றுகிற சாக்கில் பத்து நிமிடம் மகள் முகம் பார்க்கக் கிடைத்தது.

ஆயுத பூஜை முடிந்த ஞாயிறு எஞ்சின் அசையவில்லை. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தவர், "இன்னான்னே தெரிலம்மா" என்றார்.

"இரு. டிரான்ஸ்பார்மர்ல கரண்ட் வருதா பாரு."

வந்தது. தண்டவாளத்திலும் வந்தது. முப்பது வருட மெக்கானிக், மகள் சொன்னதையெல்லாம் முதல் நாள் வேலைக்கு வந்தவர் மாதிரி செய்தார். ஐம்பது நிமிடம் போனதே தெரியவில்லை.

"அடுத்த வாரம் மோட்டார் பிரஷ்ஷப் பாக்கலாம். நீயா கைய வெக்காத."

கை சும்மா இருக்குமா? புதன்கிழமை திருப்புளியோடு உட்கார்ந்தார். பிரஷ் தேயவில்லை. பல்சக்கரம் தாராளமாகச் சுற்றியது. கடைசியில் எஞ்சினைக் கவிழ்த்தால், சக்கரம் எட்டிலும் காய்ந்த சந்தனம். தண்டவாளத்துக் கரண்டு சக்கரம் வழியாகத்தான் மேலே ஏற வேண்டும். பட்டறை மோட்டார்களுக்கெல்லாம் ஒரு பொட்டோடு நிறுத்திய பக்திமான், மகள் கொடுத்தது என்று இதற்கு மட்டும் அள்ளிப் பூசியிருந்தார்.

பெட்ரோல் துணியால் துடைத்ததும் எஞ்சின் சிட்டாகப் பறந்தது. மூன்று சுற்று ரசித்தார். ஐம்பது நிமிடம் மறுபடி பத்தாகிவிடும் என்பது நாலாவது சுற்றில் உறைத்தது.

ஞாயிறு, நாலு மணி.

"ஓடுதாப்பா?"

"எங்க ஓடுது. அப்பிடியேதான் கெடக்குது."

"திருப்பிக் காட்டு."

காட்டினார். மகள் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள்.

"பூஜை முடிஞ்சி பத்து நாளுக்கு மேல ஆவுது. சந்தனம் இன்னும் ஈரமா இருக்கு?"

உலகநாதன் மின்விசிறியைப் பார்த்தார்.

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் ஓசை கேட்டது.

"சரி, திருப்புளிய எடு. மொதல்ல பிரஷ்ஷப் பாப்போம்."