ஈரச் சாக்கு போர்த்திய கண்ணாடி இழை

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை பாதி திருட்டு. ஆம்பூரிலிருந்து வேலூர் வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு டோ கேப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதுகாப்பு ஷூவின் முனையில், கால்விரல்கள் நசுங்காமலிருக்க உள்ளே வைப்பார்களே, அந்தக் கிண்ணம். நடுவில் விரிசல். பள்ளிகொண்டா வரை அதையேதான் பார்த்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். கேட்கவில்லை. அந்த வெட்கத்துக்குத் தண்டனையாக, அவருக்கு விஜயகுமாரி என்று பேர் வைத்து இதை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: விஜயகுமாரியின் மனம் அன்று கண்ணாடியைப்போல நொறு—

சீ, வேண்டாம். உடைந்தது டோ கேப். அவளுக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கிறாள்.

இரண்டாவது தொடக்கம்: விஜயகுமாரிக்கு ஷூ கம்பெனியில் சோதனை அறை வேலை. இருபது கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து டோ கேப்பின்மேல் விடுவாள். செவ்வாய்க்கிழமை, கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து அச்சடித்த ஆறு கேப்புக்கு ஐந்து விரிசல் விட்டன. அதே பிசின், அதே அச்சு, அதே சூடு. புதிதாக வந்த கண்ணாடி இழை ரோலில் ஆறு கேப் அச்சடிக்கச் சொல்லி அவற்றையும் சோதித்தாள். ஆறும் அசையவில்லை. அப்படியென்றால் கோளாறு, ஸ்டோரில் எட்டு மாதம் கிடந்த பழைய ரோல்களில். ஸ்டோர்கீப்பர் பூவரசன். அவளுடைய புருஷன்.

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: பிசின் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அடியைத் தாங்குவது உள்ளே இருக்கும் இழை. ஈரத்தில் கிடந்து வயதானால் இழையின் மேல்பூச்சு போய்விடும், பிசின் ஒட்டாது, இழையின் பலமும் குறையும். பார்வைக்கு மட்டும் புதுசுபோலவே பளபளக்கும். இந்த இடத்தில் இழையையும் இல்லறத்தையும் ஒப்பிட்டு ஒரு வாக்கியம் இருந்தது. எனக்கே கூச்சமாகிவிட்டது. அடித்துவிட்டேன்.)

3

முதல் வரைவில் பூவரசனைச் சோம்பேறியாக வைத்திருந்தேன். கதைக்கு அது வசதி. ஆனால் அவனைப் பேசவிட்டதும் என் வசதி போயிற்று.

"இன்னாங்க, அந்தப் பழைய ரோலுங்கள எங்க வெச்சிருந்தீங்க?"

"குடோன்ல சூடு ஜாஸ்தி குமாரி. காஞ்சி வெடிச்சிட்டா பேஜாராப் போய்டும்னு பின்னாடி ரூம்ல வெச்சேன். தெனம் காலைல தண்ணி தெளிச்சி, ஈரச் சாக்கு போத்தி... ஒருநாள்கூட தவற உடல."

பெருமையாகச் சொன்னான், பாவி.

பதினான்கு வருஷம் தோல் ஷாப்பில், தோல் பதனிடும் வேலையில் இருந்தவன். காய்ந்த தோலுக்குத் தண்ணீர் தெளித்து, அடுக்கி, ஈரச் சாக்கு போர்த்தி வைத்தால்தான் பதம் வரும். அதைக் கண்ணாடி இழைக்கும் செய்திருக்கிறான், அதுவும் மழைக்காலம் முழுக்க. விஜயகுமாரி தலையில் அடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நொடியே பயமும் வந்தது.

"அதுல செஞ்ச முந்நூறு ஜோடி காலைல லாரி ஏறிடிச்சிங்க."

"யாரு போடுற ஷூ?"

"இரும்பு தூக்குறவங்க."

பூவரசன் அப்படியே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். வேலை போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும்.

4

இங்கே நான் குறுக்கே புகுந்தேன். அவன்மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டதே! விஜயகுமாரியின் ரிப்போர்ட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் "மழை ஒழுகல்" என்று எழுதவைத்தேன். அழகான முடிவு, யாருக்கும் பாதகமில்லை.

கெடுத்தது பூவரசன்தான். எட்டிப் பார்த்தான்.

"இன்னா இது? ஒழுகல்னா எத்தினி ரோலுன்னு கேப்பாங்க. செவுத்தோரம் ரெண்டுன்னு முடிச்சிட்டு லாரிய போவ உட்ருவாங்க. எல்லா ரோலுக்கும் நான் தண்ணி தெளிச்சேன்னு எழுது. அப்பதான் லாரி திரும்பும்."

"உங்க பேர நான் எப்டிங்க எழுதுவேன்?"

"நீ எழுதலன்னா நானே எழுதுவேன். என் கையெழுத்து அவங்களுக்குப் புரியாது, லேட்டாகும். எழுதும்மா."

அவள் அழுதுகொண்டே எழுதினாள். [அழவேண்டாம் என்று இரண்டு முறை திருத்திப் பார்த்தேன். மறுபடியும் அழுகிறாள். சரி, அழட்டும்.]

5

லாரியை வாலாஜா டோல்கேட்டில் நிறுத்தித் திருப்பிவிட்டார்கள். ஒருவர் விரலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை நானே முடிவுசெய்துவிட்டேன், அதில் உங்களிடம் யோசனை கேட்பதாக இல்லை.

ஆனால் ரிப்போர்ட்டின் கடைசியில் நான் எழுதாத சில வரிகள் இருக்கின்றன. பூவரசனுக்குக்கூடக் காட்டாமல் விஜயகுமாரி எழுதியவை: "அவர் தினமும் தண்ணீர் தெளித்ததை நானும் பார்த்தேன்; சாக்குக்கு அடியில் என்ன என்று கேட்கவில்லை. நானும் தோல் ஷாப் வீட்டுப் பெண்தான். நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். நடவடிக்கை எடுப்பதென்றால் இரண்டு பேர்மேலும் எடுக்கவும்."

கீழே 'நடவடிக்கை' என்ற கட்டம் காலியாக இருக்கிறது. மேனேஜர் முனீர் அகமது நிரப்பவேண்டியது. அவர் கையைப் பிடித்து நானே எழுதிவிடலாம்தான். ஆனால் நான் இப்போது அவர்கள் பக்கத்து ஆள், என் தீர்ப்பு செல்லாது. நீங்கள்தான் இரண்டு பேரையும் இப்போதுதான் பார்க்கிறீர்கள். அவருடைய நாற்காலியில் உட்காருங்கள்.

கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். "உன்ன எதுக்குக் கூப்ட்டாங்க?" என்று பூவரசன் கேட்கிறான். அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்கிறாள்.

பேனா மேசைமேல் இருக்கிறது.